உதட்டுக்குப் பொருந்திய சொல்

இடைவேளை முடிந்து விளக்கு அணைவதற்குள் ரதிதேவி இன்னொரு தடவை அம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டாள். மெஷின் இருந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே புது பேட்டரி போட்டு, அடுப்படியிலிருந்து ஒரு தடவை, வாசலிலிருந்து ஒரு தடவை, "கேக்குதாம்மா" என்று குரல் கொடுத்துப் பார்த்தாயிற்று. "கேக்குது, கேக்குது, நீ மனசுக்குள்ள வையிறதும் சேத்துக் கேக்குது" என்றாள் குருவம்மாள். ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் ரிங் ஃப்ரேம் இரைச்சலுக்கு நடுவே நின்றே காதைத் தொலைத்தவள் அவள். மகள் இத்தனை வருஷம் கெஞ்சியும், செவிட்டு மெஷினை மாட்டினால் ஊரே பார்க்கும் என்று அடம்பிடித்தவள், "நான் குரல் குடுத்த படம்மா, எனக்காக ஒரே ஒரு தடவை கேளும்மா" என்றதும் என்ன நினைத்தாளோ, சரியென்றுவிட்டாள். அதுவும் என்ன வேஷத்துக்குக் குரல்? பேய்க்கு. "உசுரோட இருக்கறவளுக்குப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடலையாக்கும்" என்று ஒரு சிரிப்பு வேறு. பேய்ப்படம்தான். ஆனால் சாதாரணப் பேய்கள் இல்லை, சமூக அக்கறையுள்ள பேய்கள். 'நாலு தோள்' என்று பெயர், நாலு கதை சேர்ந்து ஒரு படம். முதல் கதையில், ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடியில் எந்தக் குழாயைத் திறந்தாலும் ஒரு மீனவன் அழுகிறான். இரண்டாவதில், சாக்கடைக் குழிக்குள் இறக்கிவிடப்பட்டுச் செத்தவன் கவுன்சிலர் வீட்டு விருந்துப் பந்தியில் வந்து இலை போடச் சொல்கிறான். பிரிவியூ தியேட்டரில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்களும் சினிமாக்காரர்களும் அதற்குக் கை தட்டினார்கள். அம்மாவும் அந்தப் பந்திக்காரனைப் பார்த்து, "பாவம், பசியோட வந்திருக்கான்" என்றாள். அவளுக்குக் கேட்கிறது. ரதிதேவிக்கு அது போதும். மூன்றாவது கதைக்குத்தான் அவள் அம்மாவைக் கூட்டிவந்தாள், அதிலும் ஒரே ஒரு வரிக்கு.

திரையில் 'வயிற்றுவலி' என்று எழுத்து விழுந்தது. ரதிதேவியின் உள்ளங்கை வேர்த்தது. இது என்ன கூத்து, இருபது வருஷமாக டப்பிங் பேசுகிறவள், கதாநாயகிக்குப் பேசியிருக்கிறாள், கைக்குழந்தைக்கு அழுதிருக்கிறாள், சோப்பு விளம்பரத்தில் மாமியாராகவும் மருமகளாகவும் அவளே சண்டை போட்டிருக்கிறாள், தன் குரலைத் திரையில் கேட்டு ஒரு நாளும் வேர்த்ததில்லை. யார் குரலிலும் பேசுவாள். சொந்தக் குரலில் அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல மட்டும் அவளால் முடியவில்லை. எத்தனை தடவை முயன்றிருப்பாள். அப்பா செத்த பதினாறாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லப் பார்த்தாள். மெட்ராசுக்கு அம்மாவை அழைத்துவந்த பஸ்ஸில், செங்கல்பட்டு தாண்டும்வரை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். மாலை போட்ட அப்பா படத்துக்கு அம்மா ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றும்போது அவள் தொண்டைவரை அது வரும், வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா, அக்காவைக் கொன்னது அப்பா. அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்ததை ஒருத்தி வாய் திறந்து சொல்லி இன்னொருத்தி காது கொடுத்துக் கேட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழலாம், அக்காவுக்காக ஒரு தடவையாவது ஒழுங்காக அழலாம் என்று அவள் நினைத்தாள். அதனால்தான் இந்த இருட்டு. இருட்டில், பேயின் வாயால், தன் குரலால் சொல்லிவிடுவது. பேய் சொன்னால் யார் தடுக்க முடியும்?

கதையில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். ரதிதேவியின் அக்காவும் அன்றைக்குத் தலைதான் சீவிக்கொண்டிருந்தாள். அன்னத்தாய். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவளுக்கு எந்த வலியும் இல்லை. காலனிப் பையன் ஒருத்தனோடு அவள் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகப்போகிறாள் என்று முதல்நாள் யாரோ அப்பாவிடம் வத்தி வைத்திருந்தார்கள். அது எட்டாவது படித்துக்கொண்டிருந்த ரதிதேவிக்குத் தெரியாது. அப்பா கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. "கடைக்குப் போயி ஒரு சோடா வாங்கிட்டு வாத்தா, அக்காவுக்கு வகுத்துவலி" என்றார். அக்கா தலை சீவிக்கொண்டிருக்கிறாள், அப்பா வயிற்றுவலி என்கிறார். வலி வருவதற்கு முன்னாலேயே வலிக்குப் பெயர் வைத்தாயிற்று. சோடா பாட்டிலோடு திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது, அம்மா நிலைப்படியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் அம்மாவும் இரண்டு பெண்களும் சத்தமில்லாமல் பேசுவார்கள். மில்லில் அந்த இரைச்சலில் எந்தப் பொம்பளையும் இப்படித்தான் பேசியாக வேண்டும், உதட்டை அசைத்தால் எதிரில் நிற்கிறவள் படித்துக்கொள்வாள். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்காமல் மூன்று பேரும் எவ்வளவோ பேசிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு அம்மாவின் உதடு 'உள்ள வராத' என்றது. அப்புறம் கதவு திறந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அப்புறம் தெரு கூடியது, அம்மா முதன்முதலாக வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னாள், "வகுத்துவலி தாங்காம மருந்தக் குடிச்சிட்டா எம்புள்ள." சோடா பாட்டில் ரதிதேவியின் கையிலேயே இருந்தது, யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, எங்கே வைப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

திரையிலும் சோடா பாட்டில் வந்தது. ஒன்று விடாமல் வைத்திருக்கிறான் ஜெயசீலன். ரிப்பனை வைத்திருக்கிறான், நிலைப்படியை வைத்திருக்கிறான். அவன்தான் இந்தக் கதையின் டைரக்டர். வீதி நாடகக் காலத்திலிருந்தே பழக்கம். பஸ் ஸ்டாண்டில் பறையடித்து ஆள் சேர்த்து, சாதியைப் பற்றி நாடகம் போட்டு, போலீஸ் வந்தால் ஒரே ஆட்டோவில் ஏழு பேர் ஏறி ஓடியவர்கள். அவனுக்கு அவள் தோழர், அவளுக்கு அவன் தோழர். உலகத்திலேயே அவள் இதைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான், ஒரு மழைநாளில் ரெக்கார்டிங் முடிந்து டீக்கடையில் நின்றபோது சொன்னாள். அவன் அழுதான். அந்த அழுகை நிஜம், அதில் சந்தேகமே கிடையாது. "தோழர், இதை நான் எடுக்கறேன். உங்க அக்கா பேரு வராது, ஊரு வராது. ஆனா அவ வந்து சொல்லுவா, எல்லார் முன்னாடியும் சொல்லுவா" என்றான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கதையை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள், அந்த ஒரு வரியை மட்டும் தொடாதே, அதை நான்தான் பேசுவேன். சத்தியம் தோழர் என்றான். இன்று காலை தியேட்டர் வாசலில், வெள்ளைச் சட்டைத் தயாரிப்பாளர் பக்கத்தில் நின்றபோது மட்டும் 'வாங்க மேடம்' என்றான். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெரிய மனிதர் முன்னால் தோழர் என்றால் நன்றாயிருக்காது என்று நினைத்திருப்பான். "சென்சார்ல ஒரு கட் கூட இல்ல மேடம், ஒரு வார்த்தை மாத்தச் சொல்லல" என்று அவன் சொன்னதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலாயிற்று. ஒரு வார்த்தை மாற்றச் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்த வரி அப்படியே இருக்கிறது. தயாரிப்பாளர் அம்மாவைக் கும்பிட்டு, "நல்லாப் பாருங்கம்மா, குடும்பத்தோட பாக்கற படம், யார் மனசும் புண்படாது" என்றார். யார் மனசும் புண்படாது. பேய்ப்படத்துக்கு இது என்ன உத்தரவாதம் என்று அப்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கதை அறுபதாம் கல்யாணத்துக்கு வந்துவிட்டது. பெண்ணைக் கொன்ற அப்பன் மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருக்கிறான், சொந்தபந்தம் மண்டபம் நிறைய, நாகஸ்வரம். இப்போதுதான் அவள் வருவாள். இந்தக் காட்சிக்கு டப்பிங் பேசிய நாள் ரதிதேவிக்கு அணு அணுவாக நினைவிருக்கிறது. 'என்னைக் கொன்னது எங்கப்பாதான்.' இதைச் சொல்ல ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. ஒரு தடவை அழுகை முந்தியது, ஒரு தடவை குரல் கம்மியது, ஒரு தடவை திரையில் அந்தப் பெண்ணின் உதடு அசைந்து முடிந்தபிறகும் இவள் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் சவுண்ட் என்ஜினியர் பையன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் வந்தது, வேறு யாருடைய குரலும் இல்லை, அவளுடைய சொந்தக் குரல். ஹெட்போனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் ஜெயசீலன் மைக்கில், "தோழர், ஒரு சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாமா? சென்சார்ல ஏதாச்சும் சொன்னா மட்டும்தான். சொல்ல மாட்டாங்க. சும்மா கெடக்கட்டும்" என்றான். எல்லாப் படத்திலும் எடுப்பதுதானே, கெட்ட வார்த்தைக்கு ஒரு நல்ல வார்த்தை, ஊர்ப் பெயருக்கு ஒரு பொதுப் பெயர். "என்ன சொல்லணும்?" "எங்கப்பாவுக்குப் பதிலா 'என் விதி'ன்னு வைக்கலாமா?" அங்கேதான் அவளுக்குப் புத்தி பிசகியது. அக்கா மறந்துபோனாள், அம்மா மறந்துபோனாள், தொழில் மட்டும் எழுந்து நின்றது. "அது லிப் உக்காராது தோழர். அப்பாவுல உதடு ஒட்டுது பாருங்க, விதியில எங்க ஒட்டும்? அசிங்கமாத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு யோசித்தாள். யாரும் அவளை யோசிக்கச் சொல்லவில்லை. எங்கப்பா, எங்கப்பா என்று இரண்டு தடவை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள், சட்டென்று கிடைத்துவிட்டது. "எந்தப்பு! என் தப்புன்னு சொல்றதத்தான் பேச்சுல எந்தப்புங்கறோம். எங்கப்பா, எந்தப்பு. முன்னாடி மாறுறது வாய்க்குள்ள, வெளிய தெரியாது. ப்-புக்கு ரெண்டுலயும் உதடு ஒட்டுது. கடைசியில பா-வுக்கு வாய் தொறக்கும், பு-வுக்குக் குவியும், அது ஒண்ணுதான். பின்னாடியே 'தான்' வந்து மூடிடும். யார் கவனிக்கப் போறா?" என்றாள். எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. 'என்னைக் கொன்னது எந்தப்புதான்.' அது ஒரே டேக்கில் வந்தது. "அக்கா, பிசிறே இல்லக்கா" என்றான் என்ஜினியர். வெளியே போய் இஞ்சி டீ குடித்தாள்.

நாகஸ்வரம் நின்றது. மண்டபத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள், பாதிப் பின்னலும் பல்லில் ரிப்பனுமாக. ரிப்பன் கீழே விழுந்தது. முகம் திரை முழுக்க வந்தது. ரதிதேவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், மில் வேலையில் காய்த்துப்போன அந்தக் கை சில்லென்றிருந்தது. இதோ, இதோ வருகிறது, கேளும்மா. உதடு அசைந்தது. 'என்னைக் கொன்னது எந்தப்புதான்' என்றாள் ரதிதேவி, திரையிலிருந்து.

முதலில் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே போனதால் மாறிக் கேட்டுவிட்டதோ, சேஃப்டி ஞாபகம் வந்ததால் சேஃப்டியே கேட்டுவிட்டதோ. ஆனால் பேய் இன்னொரு தடவையும் சொன்னது, மண்டபம் முழுக்க எதிரொலிக்கச் சொன்னது, எந்தப்புதான், எந்தப்புதான். எதிரொலியை அவள் பேசவில்லை, அது இவர்கள் போட்டது. மணையில் இருந்த அப்பன் அழுதான். இதே அழுகையை டப்பிங்கில் பார்த்தபோது, மாட்டிக்கொண்டவனின் அழுகையாக இருந்தது. இப்போது மகளை இழந்த தகப்பனின் அழுகையாகிவிட்டது. அதே முகம், அதே கண்ணீர், ஒரு சொல்லைப் புரட்டியதும் கொலைகாரன் பாவப்பட்டவனாகிவிட்டான். பேய் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கரைந்தது. தியேட்டரில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள், "என்ன இருந்தாலும் பெத்தவங்க" என்றாள். முன்வரிசையிலிருந்து ஜெயசீலன் திரும்பிப் பார்த்தான். இருட்டில் அவளைத் தேடுகிறான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அட பாவி. சென்சார் ஒரு வார்த்தை மாற்றச் சொல்லவில்லை என்றாயே. சொல்லவில்லைதான், பொய்யில்லை, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். சும்மா கிடக்கட்டும் என்றாய். சும்மா கிடக்க வேண்டியது கிடக்கவில்லை, நிஜமான வரிதான் இப்போது எங்கேயோ சும்மா கிடக்கிறது, அந்தக் காலைப்பொழுது முழுக்க அழுது அழுது சொன்னது. யார் மனசும் புண்படாது. ராஜபாளையம் பக்கத்து ஊர்களில் படம் ஓட வேண்டும், அங்கே அப்பன்கள் டிக்கெட் வாங்க வேண்டும், அதனால் யார் மனசும் புண்படக் கூடாது. சாக்கடையில் செத்தவன் கேட்கலாம், ஏரியில் செத்தவன் கேட்கலாம், கவுன்சிலரையும் கம்பெனியையும் திட்டினால் கைதட்டல் விழும். வீட்டுக்குள் செத்தவள் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். செத்துப் பேயாகி வந்தபிறகும்கூட ஒரு பெண்ணுக்கு அப்பன் பெயரைச் சொல்லத் தைரியம் வரவில்லையென்றால் அப்புறம் அவள் எதற்காகப் பேயானாள்?

எழுந்து கத்திவிடலாமா. அது அப்படியில்லை, அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை என்று எல்லார் முன்னாலும் கத்திவிடலாமா. கத்தினால் எந்தக் குரலில் கத்துவது? அதே குரல்தான், இப்போதுதான் தப்பு என்னுடையது என்று மண்டபம் எதிரொலிக்கச் சொன்ன குரல், அதை யார் நம்புவார்கள்.  ஜெயசீலனை நினைத்தால் எரிகிறது, ஆனால் எரிகிற நெருப்பு அவனிடம் போய்விட்டு ஒவ்வொரு தடவையும் அவளிடமே திரும்பி வருகிறது. அவனுக்கு 'விதி' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 'விதி' என்று வைத்திருந்தால் உதடும் குரலும் பிய்ந்து தெரிந்திருக்கும், இதில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பிசிறில்லாமல் பொருத்திக் கொடுத்தவள் யார்? அக்காவின் வாயில் அந்தச் சொல்லை அளவெடுத்து வைத்தவள் யார்? அந்த இஞ்சி டீயின் காரம் இப்போது தொண்டையில் ஏறியது. அதைவிடப் பெரிய பயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். பேட்டரி புதுசு, கேட்காமல் இருக்காது. இத்தனை வருஷம் அம்மா மனசின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருந்ததை, 'பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா, பாவம்' என்று இப்போது ஆறவைத்துக்கொள்வாள். நிம்மதியாகக் கையைத் தட்டிக்கொடுப்பாள். வெள்ளிக்கிழமை விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக ஊற்றுவாள். அக்காவை இரண்டாம் தடவை சாகடித்தாயிற்று, இந்த முறை சோடா வாங்கி வந்த கையாலேயே. அம்மா தட்டிக்கொடுத்துவிடக் கூடாதே, சாமி, தட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று ரதிதேவி திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

அம்மா தட்டிக்கொடுக்கவில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டாள். நாலாவது கதை தொடங்கிவிட்டது, செத்துப்போன ஒருத்தன் ஓட்டுப்போட வரிசையில் வந்து நிற்கிற கதை, பள்ளிக்கூட மைதானத்துப் பகல் வெளிச்சம் திரையிலிருந்து அம்மாவின் முகத்தில் விழுந்தது. குருவம்மாள் காதிலிருந்து மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மகளைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை, நிம்மதியும் இல்லை. "ஏத்தா" என்றாள், தன் குரலின் அளவு தெரியாதவளாகக் கொஞ்சம் சத்தமாகவே. "அந்தப் புள்ள வாயி அப்பான்னுல்ல சொல்லுச்சு. ஒங்குரலு எதுக்கு வேற சொல்லுது?"  காதைப் பற்றியே, பேட்டரியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த ரதிதேவி அம்மாவின் கண்ணை மறந்துபோயிருந்தாள். ரிங் ஃப்ரேம் இரைச்சலில் ஆயுசு முழுக்க உதடு படித்த கண், பா-வுக்குத் திறந்த வாயை பு-வென்று நம்புமா? அப்பா என்று அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று இவள் இத்தனை வருஷம் காத்திருந்த சொல், வந்துவிட்டது, வந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்ள இவளிடம் முகம் இல்லை. "நான் அதத்தாம்மா சொன்னேன், அவங்க மாத்திட்டாங்க" என்று சொல்ல வந்தாள், அதுவும் முழு உண்மையில்லை என்று நாக்கு நின்றது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, உஷ் என்றார்கள். குருவம்மாள் அவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு மகள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, ராஜபாளையத்து வீட்டில் பேசியதைப்போல, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து நிதானமாகக் கேட்டாள்:

'நீயும் வகுத்துவலின்னுட்டியாத்தா?'